நள்ளிரவுத் தேநீர் எந்த நாளின் கணக்கு?
இரவில் விழித்திருப்போருக்கான உணவுக் கட்டுப்பாடு

புறநோயாளிகள் பிரிவில் சில மாதங்களுக்கு முன் என்னைச் சந்தித்த ஒருவர் நூற்பாலையில் மேற்பார்வையாளராகப் பணியாற்றுபவர். வயது 46, எடை 84 கிலோ. ஐந்து ஆண்டுகளாக அவருக்கு நீரிழிவு உண்டு. மாதத்தின் பெரும்பாலான நாள்களில் இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை பணி. எடையைக் குறைத்தால் மாத்திரைகளையும் குறைக்க வாய்ப்புண்டு என்று நான் கூறியிருந்தேன். அதை உறுதியாகப் பற்றிக்கொண்ட அவர், உண்ணும் ஒவ்வொன்றையும் ஒரு நாட்குறிப்பில் எழுதிவந்தார். அந்தக் கணக்கின்படி அவர் நாளொன்றுக்கு 1,300 கலோரியைத் தாண்டவில்லை. ஆயினும் எட்டு வாரங்களில் எடை அரைக் கிலோகூடக் குறையவில்லை.

"நான் பொய் எழுதவில்லை, டாக்டர்" என்றார். பின்னர் சற்றுத் தயங்கி ஒரு கேள்வி கேட்டார்: "ராத்திரி 12 மணிக்கு மேல் சாப்பிடுவதை நேற்றைய கணக்கில் எழுதுவதா, இன்றைய கணக்கில் எழுதுவதா?"

அந்தக் கேள்வியிலேயே விடை இருந்தது. காலையில் வீடு திரும்பிப் படுக்கையில் விழும் அவர், மாலை 4 மணிக்கு எழுந்துதான் நாட்குறிப்பைத் திறப்பார். அதற்குள் நள்ளிரவுக்குப் பின் உண்டவை அவர் மனத்தில் "நேற்று ராத்திரி" ஆகியிருக்கும். ஆனால் நேற்றைய பக்கம் 12 மணியோடு முடிந்துவிட்டது. இன்றைய பக்கமோ மாலையில்தான் தொடங்குகிறது. ஆக, நள்ளிரவு முதல் காலை வரை உண்டவை இரண்டு பக்கங்களிலும் இடம்பெறவில்லை.

இருவருமாக உட்கார்ந்து அவற்றை எழுதிப் பார்த்தோம். சர்க்கரை சேர்த்த தேநீர் மூன்று, ஒரு வடை, நான்கு பிஸ்கட்டுகள்: சுமார் 480 கலோரி. பணி முடிந்து வரும் வழியில் கடையில் இரண்டு தோசையும் சட்னியும்: சுமார் 400 கலோரி. விடுபட்டவை மட்டும் ஏறத்தாழ 880. நாட்குறிப்பிலுள்ள 1,300-உடன் இதைச் சேர்த்தால் 2,180 ஆகிறது. அவருடைய உடலமைப்புக்கும் வேலைக்கும், எடை கூடாமலும் குறையாமலும் இருக்க ஏறத்தாழ அவ்வளவே தேவை. எடை நகராததில் வியப்பில்லை.

செவிலியர், காவலர், பாதுகாவலர், ஓட்டுநர், கணினி நிறுவன ஊழியர், ஆலைத் தொழிலாளர் எனப் பலரும் இரவில் விழித்திருந்து உழைக்கின்றனர். இம்மருத்துவமனையில் நோயாளியின் கட்டிலருகே இரவெல்லாம் அமர்ந்திருக்கும் உறவினர்களும் அவ்வாறே. இவர்களில் எடையைக் குறைக்குமாறு மருத்துவரால் அறிவுறுத்தப்பட்டவர்கள் பலர். பகலில் உழைத்து இரவில் உறங்குவோருக்காக எழுதப்பட்ட உணவுப் பட்டியலே இவர்களுக்கும் தரப்படுகிறது. அதை எவ்வாறு மாற்றிக்கொள்வது என்பதை விளக்கவே இக்கட்டுரை. இதில் கலோரி என்று குறிப்பிடுவது, உணவுப் பொட்டலங்களில் அச்சிடப்படும் கிலோகலோரியையே.

கலோரி நாள் எங்கே தொடங்குகிறது?

நாள்காட்டிக்கு நள்ளிரவில் நாள் பிறக்கிறது. உடலுக்கு அப்படி ஓர் எல்லை இல்லை. இரவு 11.55-க்கு உண்ட இட்லியையும் 12.05-க்கு உண்ட இட்லியையும் உடல் ஒரே விதமாகவே நடத்தும். எனவே கணக்கு வைப்பதற்கு எளிய விதி ஒன்றைப் பின்பற்றுங்கள்: நீண்ட உறக்கத்திலிருந்து எழும்போது புதிய பக்கத்தைத் தொடங்குங்கள், அடுத்த நீண்ட உறக்கத்துக்குப் படுக்கும்போது அதை மூடுங்கள். பிற்பகல் 3 மணிக்கு எழுந்து மறுநாள் காலை 8.30-க்குப் படுப்பவருக்கு, இடையில் உண்டவை அனைத்தும் ஒரே நாளின் கணக்கு. தேதி மாறினாலும் பக்கம் மாறாது.

உண்டவுடன் எழுதிவிடுவது இதைவிட முக்கியம். உறக்கம் இழந்த மனம் எளிதில் மறக்கும். குறிப்பாக, நின்றபடி குடித்த தேநீரையும் பேசிக்கொண்டே எடுத்த பிஸ்கட்டையும் மறக்கும். சட்டைப்பையில் ஒரு சிறு தாள் போதும். கைப்பேசியில் உணவைப் படமெடுத்து வைத்து, பின்னர் கணக்கிடுவதும் நல்ல வழியே.

விழித்திருந்தால் கூடுதலாகச் செலவாகாதா?

"ராத்திரி முழுவதும் முழித்திருக்கிறேன், அதற்குத் தகுந்தாற்போல் கொஞ்சம் கூடச் சாப்பிட வேண்டாமா?" என்று பலரும் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். உறங்கும்போது செலவாவதைவிட விழித்திருக்கும்போது சற்றுக் கூடுதலாகச் செலவாவது உண்மை. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை அளந்து 2011-இல் வெளியிட்டனர். படுக்கையிலேயே இருந்தபடி ஓர் இரவு முழுவதும் உறங்காமலிருந்தவர்களுக்கு, 24 மணி நேர ஆற்றல் செலவு சுமார் 7 விழுக்காடு உயர்ந்தது. எட்டு மணி நேர உறக்கத்தை இழந்ததால் கூடுதலாகச் செலவானது ஏறத்தாழ 130 கலோரிதான்.

இரண்டு குவளை சர்க்கரைத் தேநீரே அதற்கு மேல் தந்துவிடும். மேலும் இரவுப் பணியாளர் உறங்காமல் வாழ்வதில்லை. இரவில் இழந்த உறக்கத்தின் பெரும்பகுதியைப் பகலில் எடுத்துக்கொள்கிறார். எனவே வழக்கமான இரவுப் பணிக்கெனத் தனியாக ஒரு வேளை உணவைச் சேர்க்கத் தேவையில்லை. பாரம் தூக்குதல், நெடுநேரம் நடத்தல் போன்ற கடும் உழைப்பு இருப்பின் அது வேறு. அப்போதும் கலோரி கூடுவது உழைப்புக்காகவே, விழிப்புக்காக அன்று.

பசி ஏன் இரவில் மிகுகிறது?

செலவு சிறிதே கூடினாலும், பசி அந்த அளவோடு நிற்பதில்லை. இதை மன உறுதிக் குறைவு என்று எண்ணித் தம்மைத் தாமே நொந்துகொள்வோர் பலர். அது சரியன்று. வயிற்றில் சுரக்கும் கிரெலின் என்னும் இயக்குநீர் பசியைத் தூண்டுகிறது. கொழுப்புத் திசுவில் சுரக்கும் லெப்டின், போதும் என்ற செய்தியை மூளைக்கு அனுப்புகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே உறங்கவிட்டு ஆராய்ந்தனர். 2004-இல் வெளியான அதன் முடிவின்படி, போதிய உறக்கம் பெற்ற நிலையோடு ஒப்பிடுகையில் லெப்டின் 18 விழுக்காடு குறைந்திருந்தது. கிரெலின் 28 விழுக்காடு கூடியிருந்தது. பசியுணர்வு 24 விழுக்காடு உயர்ந்திருந்தது. இனிப்பு, உப்பு, மாவுப் பண்டங்கள் மீதான நாட்டமே அவர்களுக்கு மிகுதியாக எழுந்தது.

அதிகாலை 3 மணிக்கு வெள்ளரிக்காயை விட்டுவிட்டு மிக்சரை நோக்கிக் கை செல்வதற்கு இதுவே காரணம். காரணம் தெரிந்தால் தீர்வும் தெரியும். அந்த நேரத்தில் மன உறுதியை நம்பாமல், பணிக்குப் புறப்படும்போதே என்ன உண்பது என்பதை முடிவு செய்து கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

இரவு உணவை உடல் ஏற்கும் விதம்

நம் உடலின் ஏறத்தாழ ஒவ்வோர் உயிரணுவிலும் 24 மணி நேரச் சுழற்சியில் இயங்கும் கடிகாரம் ஒன்று உண்டு. அது இயங்கும் முறையைப் பழ ஈக்களில் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. மூளையிலுள்ள தலைமைக் கடிகாரம் பெரும்பாலும் ஒளியைக் கொண்டு நேரத்தை அறிகிறது. கல்லீரல், கணையம் முதலியவற்றின் கடிகாரங்களோ உண்ணும் நேரத்தையும் பின்பற்றுகின்றன. "இது இரவு" என்று தலைமைக் கடிகாரம் அறிவிக்கும் வேளையில் நாம் பரோட்டா உண்டால், இரண்டும் முரண்படுகின்றன. அந்நேரத்தில் இன்சுலின் சுரப்பும் அதன் செயல்திறனும் பகலளவுக்கு இருப்பதில்லை. எனவே பகலில் உண்ட அதே உணவு இரவில் சர்க்கரையைக் கூடுதலாக உயர்த்துகிறது.

இதற்குச் சான்றாக 2021-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வைக் கூறலாம். இரவுப் பணியைப் போன்ற சூழலில் 19 பேரை ஆய்வகத்தில் வைத்துக் கவனித்தனர். இரவிலும் உண்டவர்களுக்கு இரத்தச் சர்க்கரை சராசரியாக 6.4 விழுக்காடு உயர்ந்தது. இரவில் விழித்திருந்தும் பகலில் மட்டுமே உண்டவர்களுக்குக் குறிப்பிடத்தக்க உயர்வு ஏற்படவில்லை. ஆய்வில் பங்கேற்றோர் சிலரே. அதிலும் நலமான இளம் வயதினர். எனினும் அன்றாட அனுபவம் இம்முடிவோடு ஒத்துப்போகிறது. மொத்தக் கலோரி மாறாவிட்டாலும், அதில் பெரும்பங்கை நள்ளிரவு முதல் அதிகாலை 5 மணி வரையுள்ள நேரத்துக்கு வெளியே உண்பது நல்லது.

உறக்கத்தைக் குறைத்து எடையைக் குறைத்தால்...

எடையைக் குறைக்க விரும்புவோர் பலர் உணவை மட்டும் பார்க்கின்றனர், உறக்கத்தைப் பார்ப்பதில்லை. சிகாகோவில் நடந்து 2010-இல் வெளியான மற்றோர் ஆய்வு இங்குக் கருதத்தக்கது. எடை மிகுந்த 10 பேர் இரண்டு வாரங்கள் குறைந்த கலோரி உணவை உண்டனர். ஒரு முறை எட்டரை மணி நேரமும் மறுமுறை ஐந்தரை மணி நேரமும் படுக்கையில் இருக்க அனுமதிக்கப்பட்டனர். இருமுறையும் எடை ஏறத்தாழ 3 கிலோ குறைந்தது. ஆனால் நன்கு உறங்கியபோது கொழுப்பு 1.4 கிலோ குறைந்தது. உறக்கம் குறைந்தபோது 0.6 கிலோ மட்டுமே குறைந்தது. எஞ்சியதில் பெரும்பகுதி, தசை உள்ளிட்ட கொழுப்பற்ற திசுக்களின் இழப்பு.

எடை பார்க்கும் கருவி இந்த வேறுபாட்டைக் காட்டாது. தசை குறைந்தால் வலு குறையும். ஓய்வில் செலவாகும் ஆற்றலும் குறையும். விட்ட எடை மீண்டும் எளிதில் ஏறும். மாறாக, உறக்கத்தைக் கூட்டினால் உணவு தானே குறைவதும் உண்டு. வழக்கமாக ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாக உறங்கிவந்த, எடை மிகுந்த 80 பேரிடம் செய்யப்பட்டு 2022-இல் வெளியான ஆய்வில், உறக்கம் சுமார் 1.2 மணி நேரம் கூடியவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 270 கலோரி குறைவாக உண்டனர். உணவைக் குறைக்குமாறு அவர்களிடம் யாரும் கூறவில்லை.

எனவே இரவுப் பணியாளருக்குப் பகல் உறக்கம் மருந்தைப் போன்றது. அறையை இருட்டாக்குங்கள், கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள். காலையில் பாலுக்கும் தண்ணீருக்கும் கதவைத் திறக்கும் பொறுப்பை வீட்டில் வேறொருவர் ஏற்கட்டும். இரவுப் பணி முடிந்து வரும் பெண்கள் பலர் சமையலையும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வேலையையும் முடித்து 11 மணிக்கு மேல்தான் படுக்கின்றனர். அவர்களுடைய எடையும் சர்க்கரையும் குறைய வேண்டுமானால், குடும்பத்தார் அவ்வேலைகளைப் பகிர்ந்துகொள்வது மருத்துவ உதவிக்கு ஒப்பானது.

எவ்வளவு உண்பது? எப்போது உண்பது?

எடை நிலையாக இருக்கத் தேவையான அளவிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைப்பது பலருக்கும் பொருத்தமான தொடக்கம். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி உள்ளது. ஆகவே வாரத்துக்கு அரைக் கிலோ வரை குறையலாம். போகப்போக வேகம் மட்டுப்படும். மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பு இல்லாமல், பெண்கள் 1,200 கலோரிக்கும் ஆண்கள் 1,500 கலோரிக்கும் கீழே செல்ல வேண்டாம். உங்களுக்குரிய எண்ணை உணவியல் ஆலோசகரிடம் கேட்டு அறியுங்கள்.

இரவு 11 முதல் காலை 7 வரை பணியாற்றுபவருக்கு 1,500 கலோரியை இவ்வாறு பிரிக்கலாம். இது ஒரு மாதிரி மட்டுமே.

• பிற்பகல் 3.30, எழுந்தபின் முதன்மை உணவு: ஒரு கிண்ணம் சோறு, சாம்பார், காய்கறிப் பொரியல், ஒரு முட்டை அல்லது ஒரு துண்டு குழம்பு மீன், மோர். சுமார் 550 கலோரி.
• இரவு 9.00, பணிக்குப் புறப்படுமுன்: எண்ணெயின்றிச் சுட்ட இரண்டு சப்பாத்தி, பருப்புக் கூட்டு, வெள்ளரி அல்லது தக்காளி. சுமார் 420 கலோரி.
• இரவு 1.00 மணியளவில், தேவைப்பட்டால்: அரைக் கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு குவளை மோர். சுமார் 170 கலோரி.
• காலை 7.45, படுக்குமுன்: மூன்று இட்லி, சாம்பார். சுமார் 260 கலோரி.
• சர்க்கரையில்லாத் தேநீர் இரண்டு: சுமார் 100 கலோரி.

காலையில் ஒன்றும் உண்ணாமல் படுத்தால் பசி நடுவில் எழுப்பிவிடும். வயிறு நிறைய உண்டு உடனே படுத்தால் நெஞ்செரிச்சல் வரும். அதனால்தான் அந்த உணவு சிறிதாகவும் எண்ணெய் குறைந்ததாகவும் உள்ளது. ஒவ்வொரு வேளையிலும் பருப்பு, பயறு, முட்டை, மீன், மோர் போன்ற புரத உணவு ஏதேனும் ஒன்று இருக்கட்டும். அது பசியை நெடுநேரம் தாங்கும், தசையையும் காக்கும்.

தேநீர்க் கடையின் கணக்கையும் அறிந்து வைப்பது பயன்தரும். ஒரு தேக்கரண்டி சர்க்கரையில் 20 கலோரி. இரண்டு கரண்டி சர்க்கரையுடன் ஒரு சிறு குவளைத் தேநீரில் சுமார் 80. உளுந்து வடை ஒன்றில் 100 முதல் 130. ஒரு கைப்பிடி மிக்சரில் சுமார் 150. 300 மில்லிலிட்டர் குளிர்பானத்தில் 125-க்கு மேல். ஒரு பரோட்டாவில் 250-க்கும் மேல், சால்னா தனி. கடைக்குக் கடை அளவு மாறும். அதனால் இவற்றை வழிகாட்டி எண்களாக மட்டும் கொள்ளுங்கள்.

தேநீரும் காபியும் விழிப்பைத் தருகின்றன. ஆனால் காபியிலுள்ள கஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். காலை 8.30-க்குப் படுப்பவர் கடைசிக் குவளையை அதிகாலை 2.30-க்குள் முடித்துக்கொள்வது நல்லது. அதன்பின் உறக்கம் அழுத்தினால் எழுந்து சற்று நடங்கள், முகம் கழுவுங்கள், தண்ணீர் அருந்துங்கள். ஓய்வு நேரம் இருப்பின் 15 அல்லது 20 நிமிடம் கண்ணயர்வது எந்தப் பலகாரத்தையும்விடச் சிறந்தது.

இரவுப் பணி வாரம் முடிந்து பகல் பணிக்கு மாறும் நாளில் கணக்கு குழம்புவது இயல்பு. அன்று சில மணி நேரம் மட்டும் உறங்கி மாலை வரை விழித்திருப்பவர்கள், இரண்டு நாள்களின் உணவை ஒரே நாளில் உண்டுவிடுவதுண்டு. அந்த ஒரு நாளைப் பற்றிக் கவலைப்படாமல், ஏழு நாள் மொத்தத்தைப் பாருங்கள். எடையையும் வாரம் ஒரு முறை, நீண்ட உறக்கத்திலிருந்து எழுந்து கழிப்பறை சென்று வந்தபின் பாருங்கள். உப்பு மிகுந்த பண்டங்களை உண்ட மறுநாள் நீர் தங்கி எடை கூடித் தெரியலாம்; அது கொழுப்பன்று.

மாத்திரையும் இன்சுலினும் எடுப்போர் கவனத்துக்கு

மீண்டும் அந்த நூற்பாலை நண்பரிடம் வருகிறேன். விடுபட்ட 880 கலோரியைக் கண்டதும் அவர் ஒரு முடிவெடுத்துவிட்டார்: இனி இரவில் ஒன்றுமே உண்பதில்லை. இரவு உணவையும் பாதியாக்கினார். ஆனால் அந்த உணவோடு எடுத்துக்கொள்ளும் கிளிமிபிரைடு மாத்திரையைக் குறைக்கவில்லை. நான்காம் நாள் அதிகாலை 4 மணிக்கு இயந்திரத்தருகே நின்றிருந்தவருக்கு உடல் வியர்த்து, கை நடுங்கி, கண் இருண்டது. உடன் பணியாற்றியவர் கைத்தாங்கலாக அமர வைத்துச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார். ஆலை மருந்தகத்தில் பார்த்தபோது சர்க்கரை 54. ஓடும் இயந்திரத்தின்மீது சாயாமல் தப்பியது அவருடைய நல்வாய்ப்பு.

அதில் என் பிழையும் உண்டு. உணவைக் குறைக்கச் சொன்ன நான், மாத்திரையின் அளவையும் நேரத்தையும் அன்றே மாற்றி எழுதியிருக்க வேண்டும். முதல் சந்திப்பிலேயே அவருடைய பணி நேரத்தைக் கேட்டிருக்க வேண்டும். இப்போது ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன். நாங்கள் கேட்க மறந்தாலும், நீங்களே முன்வந்து கூறுங்கள்.

இன்சுலினும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரைகளும் உணவு குறைந்தாலும் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே இருக்கும். இவற்றை எடுப்போர் மருத்துவரைக் கேளாமல் எந்த வேளை உணவையும் தவிர்க்கக் கூடாது. தாமாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது. மேலே கூறிய "நள்ளிரவில் உண்ணாமை" இவர்களுக்கு மருந்து மாற்றியபின்னரே பொருந்தும்.

வியர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, குழப்பம் ஆகியவை தாழ்சர்க்கரையின் அறிகுறிகள். இரவுக் களைப்பு என்று எண்ணி இவற்றை ஒதுக்கிவிடுவது எளிது. அதனால் ஐயம் எழுந்தவுடன் சர்க்கரையைப் பாருங்கள். டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தாலோ, பார்க்க வசதி இல்லாவிட்டாலோ, 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து அருந்துங்கள். 15 நிமிடத்தில் மீண்டும் பாருங்கள்; ஏறாவிட்டால் மறுமுறையும் அருந்துங்கள். ஏறியபின் சிறிது உணவு உண்ணுங்கள். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 108-ஐ அழையுங்கள். இந்த அவசரத்தில் உட்கொள்ளும் சர்க்கரையைக் கலோரிக் கணக்கில் எண்ணித் தயங்க வேண்டாம்.

இரத்தப் பரிசோதனைக்கு வருவோருக்கும் ஒரு சொல். பணி முடிந்து நேராக வந்து, "வெறும் வயிறுதான்" என்று கூறுவோர் பலர். ஆனால் அதிகாலை 4 மணிக்குச் சர்க்கரைத் தேநீர் அருந்தியிருப்பார்கள். வெறும் வயிற்றுப் பரிசோதனைக்குக் குறைந்தது எட்டு மணி நேரம் தண்ணீரைத் தவிர வேறெதையும் அருந்தாமல் இருக்க வேண்டும். உறங்காத இரவே சர்க்கரையைச் சற்று உயர்த்திக் காட்டவும் கூடும். இரவுப் பணியில் இருந்ததை ஆய்வகத்தில் தெரிவியுங்கள். முடிந்தால் விடுமுறை நாளில் வாருங்கள்.

விரதமும் கண்விழிப்பும்

வைகுண்ட ஏகாதசி, மகா சிவராத்திரி ஆகிய நாள்களில் உண்ணாமல் இரவெல்லாம் விழித்திருக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. நலமுள்ளவர்கள் தண்ணீர் போதிய அளவு அருந்தி இதைக் கடைப்பிடிக்கலாம். நீரிழிவு, இதயநோய், சிறுநீரக நோய் உள்ளோர் ஒரு வாரம் முன்னதாகவே மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். விரதத்தை எடை குறைப்புக்கான வழியாகக் கருத வேண்டாம். மறுநாள் காலை விருந்தில் அன்றைய குறைவு ஈடாகிவிடும்.

நோயாளியுடன் இரவில் தங்குவோருக்கு

நீங்கள் எடைக் கட்டுப்பாட்டில் இருக்கும்போது குடும்பத்தில் ஒருவர் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டால், அந்த வாரத்தில் எடையைக் குறைக்க முயல வேண்டாம். கூடாமல் பார்த்துக்கொண்டாலே போதும். பார்க்க வருவோர் கொணரும் பிஸ்கட், ரொட்டி, பழச்சாறு, நோயாளி மீதம் வைக்கும் உணவு ஆகியவை தெரியாமலே சேர்ந்துவிடும். கவலையில் உண்பதையே மறப்போரும் உண்டு. இரண்டும் உடலுக்கு ஆகாது. மூன்று வேளையும் நேரத்தில் உண்ணுங்கள். இரவுக்கென வறுத்த கடலை ஒரு கைப்பிடியோ ஒரு பழமோ வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சொந்த மாத்திரைகளையும் மறவாமல் கொண்டு வாருங்கள். இயன்றவரை உறவினர்கள் முறை வைத்துத் தங்குங்கள். இரவெல்லாம் விழித்த பின்னர் இருசக்கர வாகனத்தை ஓட்டிச் செல்லாமல் பேருந்திலோ ஆட்டோவிலோ வீடு திரும்புங்கள்.

கருவுற்றோர், பாலூட்டும் தாய்மார், முதியோர், காசநோய் அல்லது புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோர், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டோர் ஆகியோருக்கு இக்கட்டுரையிலுள்ள கலோரிக் குறைப்பு பொருந்தாது.

நூற்பாலை நண்பரின் மருந்தை மாற்றி எழுதினோம். நாட்குறிப்பின் பக்கம் இப்போது மாலையில் எழும்போது தொடங்கி, மறுநாள் காலை படுக்கும்போது முடிகிறது. இரவில் சுண்டல் டப்பா ஒன்று அவருடன் செல்கிறது. தேநீர் இரண்டு, சர்க்கரை இல்லை. பகலில் ஆறரை மணி நேரம் உறங்க, அவர் மனைவி வீட்டின் முன்னறைக்குத் தடித்த திரை தைத்துப் போட்டிருக்கிறார். மூன்று மாதத்தில் எடை நான்கு கிலோ குறைந்திருக்கிறது. எழுதும் எண் முன்பைவிடக் கூடியிருக்கிறது: 1,300 போய் 1,600 வந்திருக்கிறது. ஆனால் அது முழுமையான எண்.

அடுத்த முறை எங்களைச் சந்திக்க வரும்போது மூன்றைக் குறித்துக்கொண்டு வாருங்கள்: எந்த நேரத்தில் பணி, எந்த நேரத்தில் உறக்கம், எந்த நேரத்தில் மருந்து. உணவுப் பட்டியலை அவற்றுக்கேற்ப நாம் சேர்ந்து எழுதுவோம்.